டோக்கியோ சேலையும் என் மதினியும்

என் பிரியமான சங்கரி மதினிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். கேட்டால் சிரிப்பாய். உன்னை இனி வரவேண்டாம் என்று சொன்ன அதே கலை மன்றம், அதே மாடி அறை. உன் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். டோக்கியோ போவதற்காக நீ எடுத்துக்கொண்ட படம் அது. அண்ணன்தான் கொடுத்தான்.

செயலாளர் பேசினார். "சங்கரி ரொம்ப நல்ல பொண்ணு. கெட்டிக்காரி. வாழ்க்கையில ஒரே ஒரு தப்புப் பண்ணிட்டா. அதை நாங்க என்னைக்கோ மன்னிச்சுட்டோம்" என்றார். கூட்டம் தலையை ஆட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனும் ஆட்டினான், மதினி. உன்னைக் கட்டியவன்.

அப்புறம் அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். உனக்கு எழுதுகிற கடிதத்தை ஏன் பத்திரிகைக்குக் கொடுக்கிறாய் என்று நீ கேட்பாய். உன்னை மன்னித்தவர்கள் அத்தனை பேரும் படிக்கட்டும் என்றுதான். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் சேலைக்கடை வைத்த குடும்பம் எங்களுடையது. நீ மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஓவியக் கல்லூரியில் படித்தவள். சாயங்கால வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி வேறு கற்றிருந்தாய். "படிச்ச புள்ள, கடைக்கு விளம்பரம் போட ஒத்தாசையா இருப்பா" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தாள். வந்த முதல் வாரம் நான் உன்னை வாங்க, போங்க என்று கூப்பிட்டேன். "கோமு, நமக்குள்ள பெரிசா வயசு வித்தியாசம் இல்ல. வாங்க போங்கன்னா எனக்குத் தலை நரைச்ச மாதிரி இருக்கு. நீன்னே சொல்லு" என்றாய். அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்கு அன்றிலிருந்து நீ "நீ"தான்.

மொட்டை மாடி அறையை நீ அச்சு அடிக்க எடுத்துக்கொண்டாய். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, படத்தை அதில் ஏற்றி, மையை வழித்துத் தாளில் இறக்குவாய். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே ஸ்க்ரீன் பிரிண்டிங்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம். நீ அடித்ததெல்லாம் எங்கள் கடையில் சேலை எடுத்துப்போடுகிற பெண்களை. காலையில் வந்தால் கடை மூடும்வரை உட்கார அனுமதி இல்லாத பெண்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இன்னொரு பாதத்தைச் சுவரில் ஊன்றி, முகத்தில் மட்டும் "வாங்கக்கா" என்று சிரிப்பை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். அண்ணன் ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்தான். "நம்ம கடைய நாமளே இப்படிக் காட்டலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

மிசாக்கி வந்தபோது ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் பெயர். ஜப்பானில் அப்போதுதான் பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஓவியர். கலை மன்றம் அவள் அச்சுப் படங்களை அடையாறில் கண்காட்சி வைத்தது. மொழிபெயர்க்க உன்னைக் கூப்பிட்டார்கள். காதுவரை வெட்டிய முடி, ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. இவளா ஓவியர் என்று இருந்தது எனக்கு. படங்களைப் பார்த்தபோது அதைவிட ஆச்சரியம். மிட்டாய்க்கடை நிறங்கள். எல்லாப் படத்திலும் ஒரே உருண்டை முகச் சிறுமி. ரயிலில், குளியல் தொட்டியில், கடைத்தெருவில், எங்கே இருந்தாலும் வாயை அகலத் திறந்து அழுகிறாள். கண்ணீர் நீலக் கோலிக்குண்டுகளாகக் கொட்டுகிறது.

நீ அவளை ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாய். அம்மா தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். மிசாக்கி ஒரு படத்தை எடுத்துக் காட்டியதும் அம்மா பதறிப்போய், "என்னத்துக்கு இந்தப் புள்ள இப்படி அழுவுது? எவன் அடிச்சான்?" என்றாள். நீ அதை ஜப்பானியத்தில் சொன்னாய். மிசாக்கி சோற்றுக் கையை உதறிவிட்டு இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க ஊர்ல யாருமே இப்படிக் கேட்டதில்லையாம் அத்தை. என்ன விலைன்னுதான் கேக்கறாங்களாம்" என்று நீ சொன்னாய். அம்மா வெட்கப்பட்டு இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினாள். அந்த அம்மாவையும் எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போது இவ்வளவு கசக்கிறது.

படத்தின் அடியில் பென்சிலால் 12/50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. என்ன கணக்கு என்று கேட்டேன்.

"லிமிடெட் எடிஷன். ஐம்பதுதான் அடிப்பா. இது பன்னிரண்டாவது. முடிஞ்சதும் ஸ்க்ரீனைக் கழுவிடுவா."

"ஏன், நூறு அடிச்சா என்ன?"

"அடிக்கலாம். ஆனா ஐம்பதுன்னு சொல்லிட்டா இல்ல? அந்தப் பேச்சை நம்பித்தானே ஒருத்தர் வாங்கறார். அந்தக் கையெழுத்து படத்துக்குன்னு நினைக்கிறியா கோமு? அது கொடுத்த வாக்குக்கு."

மிசாக்கி உன் மாடி அறைக்கு வந்தாள். நிற்கிற பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி வைத்து, நெடுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். நீ எனக்கு மொழிபெயர்க்கவில்லை. உன் காதெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த வருஷம் அவள் மறுபடியும் வரும்போது உன்னை டோக்கியோவுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஆறு மாதம் அவள் அச்சுக்கூடத்தில் நீ வேலை செய்யலாம். மன்றமே சிபாரிசுக் கடிதம் தந்தது. அண்ணன்கூடச் சரி என்றான்.

அந்த ஐப்பசியில் கண்காட்சி மண்டபம் ஒழுகியது. படங்கள் நனைந்துவிடும் என்று பயந்து மிசாக்கி அவற்றை உன்னிடம் கொடுத்துவிட்டு மகாபலிபுரம் போனாள். இரண்டு கையாலும் நீட்டி, தலை குனிந்து கொடுத்தாள். நீயும் அப்படியே வாங்கிக்கொண்டாய். உன் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு மேல் வைத்துப் பூட்டினாய். சாவி வீட்டில் எப்போதும் தொங்குகிற ஆணியிலேயே தொங்கியது. சொந்த வீட்டில் சாவியை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்?

நீ உன் அம்மாவைப் பார்க்க மயிலாப்பூர் போயிருந்த ஒரு பகலில் அண்ணன் பீரோவைத் திறந்தான். போட்டோக்காரரை வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு படமாக வைத்து எடுக்கச் சொன்னான். நான் வங்கியில் வேலையில் இருந்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று, படத்தில் தூசி படாமல் இருக்க மேசையில் வேட்டி விரித்துக் கொடுத்திருக்கிறாள். நீ திரும்பி வரும்போது எல்லாம் வைத்த இடத்தில், வைத்த வரிசையில் இருந்தன. மிசாக்கியும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

மறு வருஷத் தீபாவளிக்குச் சூரத் மில்லிலிருந்து சேலைச் சரக்கு வந்தது. விளம்பரத்துக்கு எது நன்றாக இருக்கும் என்று பார்க்க நீதான் கிடங்குக்குப் போனாய். கையில் ஒரு ஜார்ஜெட் சேலையோடு வீட்டுக்குள் நுழைந்த உன் முகத்தை நான் மறக்கமாட்டேன். முந்தானையில் அந்த உருண்டை முகச் சிறுமி. சேலை உடம்பெல்லாம் அவளுடைய நீலக் கண்ணீர்த் துளிகள், வரிசை வரிசையாகப் பொட்டு வைத்த மாதிரி. வாயை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் செஞ்சது?" என்று கேட்டாய்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லா வந்திருக்குல்லா? டோக்கியோ சேலைன்னு பேரு வச்சிருக்கேன்."

"என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போனாங்க."

"நான் என்ன திருடியா வித்தேன்? பத்திரமாத் திருப்பித்தான குடுத்தோம்? படம்னா நாலு பேரு பாக்கதுக்குத்தான். அந்தம்மா அம்பது பேருக்குக் குடுத்தா, நான் ஊருக்கே குடுக்கேன்."

"அழுற குழந்தையைச் சிரிக்க வச்சிருக்கீங்க."

"தீபாவளிக்கு அழுத மூஞ்சிய எவ கட்டுவா?"

சரக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னாய். கெஞ்சினாய். அம்மா குறுக்கே வந்தாள். "வந்த சரக்க திருப்பவா? கடையில உன் சொல்லு நடக்கணும்னு பாக்கியாக்கும்." மறுநாள் காலை சேலை கடைக் கண்ணாடிக்குப் பின்னால், பொம்மையின் தோளில் ஏறிவிட்டது.

தீபாவளிக்கு முன்பே மிசாக்கி வந்தாள். நீ அவளிடம் மறைக்கவில்லை. "எப்படியும் கண்ணுல படும் கோமு. நானே காட்டறேன். நீ கூட வா" என்றாய். தி.நகரின் தீபாவளி நெரிசலில், பட்டாசுக் கடைகளுக்கு நடுவே, மூன்று பேரும் நடந்துபோனோம். கண்ணாடிக்கு முன்னால் மிசாக்கி நின்றாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. குழந்தை மாதிரி விரலைக் கண்ணாடியில் வைத்து அந்த வாயின் வளைவைத் தடவினாள். பிறகு உன்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நீ ஒரே வரியில் பதில் சொன்னாய். அவள் தலையைக் குனிந்தாள். ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

என்ன கேட்டாள் என்று வீட்டுக்கு வந்து உன்னை உலுக்கினேன். "நீ கொடுத்தியான்னு கேட்டா. என் வீட்டுலேர்ந்துதான் போச்சுன்னேன்."

"அண்ணன் எடுத்தான்னு சொல்லவேண்டியதுதான?"

"அவ என்னை நம்பித்தானே கொடுத்தா? உங்கண்ணனை நம்பியா கொடுத்தா?"

சரி மதினி, அது உனக்கும் அவளுக்கும் நடுவே உள்ள நியாயம். ஆனால் மன்றத்தில்? சேலை விஷயம் தெரிந்ததும் அவர்கள் உன்னை வரச்சொல்லி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, சிபாரிசுக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம், இனி மொழிபெயர்க்க வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். "சேலைக்கடை வீட்டுப் பொண்ணு, யாவார புத்தி போகுமா" என்று வராந்தாவில் யாரோ பேசியது உன் காதில் விழுந்திருக்கிறது. நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். என் கையைப் பிடித்து இழுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். "போகமாட்டேன்னு சத்தியம் பண்ணு. அங்க யாராவது ஒருத்தர், என்னம்மா நடந்ததுன்னு கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல. கேக்காதவங்க வாசல்ல போய் எனக்காக யாரும் நிக்கக் கூடாது."

நான் சத்தியம் செய்தேன். நீ இருக்கிறவரை காப்பாற்றினேன். அது ரோஷமா, சோர்வா? இல்லை, "கட்டுனவன ஊரறியக் காட்டிக் குடுத்துராத" என்று, நீ மன்றத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் அம்மா உன் பின்னாலேயே வாசல்வரை வந்து சொன்னாளே, அதுவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போனவர்களிடம் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

டோக்கியோ சேலை சக்கைப்போடு போட்டது. பொங்கலுக்கு மறுபடி வரவழைத்தார்கள். பஸ்ஸில், கபாலி கோயில் வரிசையில், பாண்டிபஜாரில், எங்கே போனாலும் அந்தச் சிரிப்பு உன்னை எதிர்கொண்டது. வடபழனி கோயிலுக்குப் போய்விட்டு டிப்போ அருகே பஸ்ஸுக்கு நின்றபோது, பூக்காரம்மா ஒருத்தி அதைக் கட்டியிருந்தாள். நீ வைத்த கண் வாங்காமல் பார்த்தாய். "இன்னாம்மா அப்டி பாக்கற? பொண்ணு வாங்கிக் குட்த்தா. நல்லா கீதா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லி இரண்டு முழம் பூ வாங்கினாய். பஸ்ஸில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் வெளியே போவதையே குறைத்துவிட்டாய்.

மாடி அறையைப் பூட்டினாய். உன் சட்டங்களில் அம்மா வற்றல் காயவைத்தாள். துணி நெருக்கமாக இருப்பதால் காற்று நன்றாகப் போகிறதாம். அண்ணன் உனக்குக் கடையிலேயே வேலை கொடுத்தான். "ஆடித் தள்ளுபடி" போர்டு எழுதுகிற வேலை. சிவப்பில் மஞ்சள் எழுத்து. நீ அதையும் கோணலில்லாமல் எழுதினாய், மதினி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு காமாலை. கண்கள் மஞ்சளானபோதுகூட வெயில் என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நாள் கடந்துவிட்டது என்றார்கள். அண்ணன் ஓடினான், மருந்துக்கு அலைந்தான், வராந்தாத் தரையில் படுத்தான். அதை நான் மறைக்கமாட்டேன். உன்மேல் அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. உன்னைக் கேட்கவேண்டும் என்பதுதான் அவனுக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். செயலாளர் மன்னித்த கதையைச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து நின்றேன்.

"என்ன தப்பு சார்?"

"உக்காருங்கம்மா. போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு..."

"நீங்கதான ஆரம்பிச்சீங்க. என்ன தப்பு?"

"அந்த ஜப்பான் பிரிண்ட்ஸ் விஷயம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"சூரத்துக்கு அனுப்பினது எங்க மதினின்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவளைக் கேட்டீங்களா?"

அவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். நான் முன்வரிசைப் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நீ சொல்லு. இப்பவாவது சொல்லு."

அவன் திரும்பவே இல்லை. பின்கழுத்து மட்டும் வியர்த்திருந்தது. "கோமதி, உக்காரு. எல்லாரும் பாக்காவ" என்றான். நான் அங்கேயே, உன் படத்தின் முன்னால் நின்று, நடந்ததைச் சொன்னேன். பீரோ, போட்டோக்காரர், வேட்டி விரித்த மேசை, எல்லாம். கடைசியில் ஒரு பெண்மணி, "குடும்ப விஷயத்தை இங்க கொண்டுவரணுமா?" என்றாள். தேநீர் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

வீட்டில் அண்ணன் கத்தினான். "கடை பேரு என்னாவும்னு நெனச்சியா? தப்புன்னா தப்பு, அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத? அவ வந்துருவாளா?" அம்மா சொன்னாள்: "செத்தவளுக்கு என்ன பேரு வேண்டிக் கெடக்கு? இருக்கவன் பொழைக்காண்டாமா?"

அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன். மயிலாப்பூரில், வேலைக்குப் போகிற பெண்களின் விடுதியில் இருக்கிறேன். உன் படங்களையும் கொண்டுவந்துவிட்டேன். கட்டிலுக்கடியில் படுக்கைவசமாக, நீ சொல்லியிருந்தபடி தாளுக்குத் தாள் மெல்லிய காகிதம் வைத்து அடுக்கியிருக்கிறேன். மிசாக்கி இப்போது பெரிய ஆளாகிவிட்டாளாம், பத்திரிகையில் படம் வருகிறது. இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அவளுக்கும் அனுப்புகிறேன். அவள் படிப்பாளா, யாரோ உதவியாளர் பிரித்துப் பார்த்துத் தூரப்போடுவாரா, தெரியாது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவேன். அவள் கையால் ஒரு வரி வரும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன். இது நான் உனக்குச் செய்கிற சத்தியம். இதற்கு உன் தலை இல்லை. என் தலைமேலேயே கையை வைத்துக்கொண்டேன்.

அம்மா இப்போதே வள்ளியூர்ப் பக்கம் பெண் விசாரிக்கிறாள். புதிதாக ஒருத்தி வருவாள். அவள் பாவம், அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

அவன் எனக்கு அண்ணனே இல்லை என்று எழுதித்தான் இதை முடிக்க நினைத்தேன். எழுதியும் விட்டேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் அண்ணன் இல்லை என்றால் நீ எனக்கு யார்? எந்த முறை சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்? உனக்கும் எனக்கும் நடுவே இருக்கிற ஒரே வழி அவன்தான். அதனால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும், அவன் தங்கையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

என்றும் உன் நாத்தனார்,
கோமு